உருவிய தாள்

தம்பியைப் புதைத்த மண் காய்வதற்குள் அவனுடைய சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கியவள் ரோஜா. அதற்குத் திண்டிவனம் என்னென்ன பேசியது என்பதைப் போன வாரங்களில் பார்த்துவிட்டோம். மறுபடியும் சொல்லி நம் வாயையும் ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்? இனியவன் வீடு வீடாகப் போட்டுக்கொண்டிருந்த பேப்பரை இப்போது அவனுடைய அக்கா போடுகிறாள். துணிக்கடை வேலையை விட்டுவிட்டாள். விஷயம் அவ்வளவுதான்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக இன்னும் கொஞ்சம். பைபாஸில் வேன் வந்து பேப்பர் கட்டுகளை இறக்கும். அதை எடுத்து வர அப்பாவும் மகனும் ஒரே மொபெட்டில் போனார்கள். குறுக்கே திரும்பிய லாரி இனியவனை அங்கேயே கொண்டுபோய்விட்டது. பின்னால் உட்கார்ந்திருந்த அந்தோணிசாமிக்கு இடுப்பெலும்பு நொறுங்கியது. நினைவில்லாமல் விழுப்புரம் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

நினைவு வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பையன் எங்க?"

"சென்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்காங்க" என்று சொல்லிவிட்டாள் அவர் மனைவி சவுரியம்மாள். அதற்கு முன்பே டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, இதயம் பலவீனமாக இருக்கிறது, சர்க்கரை ஏறிக் கிடக்கிறது, இடுப்பு ஆபரேஷன் முடிகிறவரை எதுவும் காதில் விழக்கூடாது, விழுந்தால் நான் பொறுப்பில்லை என்று சொல்லியிருந்தார்.

அன்றிலிருந்து அந்தப் பொய்யைத் தினமும் ஒரு கவளம் ஊட்டி வளர்த்துக்கொண்டிருக்கிறாள் சவுரியம்மாள். முதலில் இனியவன் கண்ணைத் திறந்தான். பிறகு கஞ்சி குடித்தான். தொண்டையில் குழாய் இருப்பதால் போனில் பேச முடியவில்லை. நேற்று எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

"ஏம்மா அவனை உக்கார வச்ச?" என்று நேற்று போனில் கேட்டாள் ரோஜா.

"வாய்ல வந்துடுச்சுடி" என்றாள் அம்மா. சொல்லும்போது அந்தக் குரலில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. அதுதான் ரோஜாவைத் தூங்கவிடவில்லை.

ஆபரேஷன் நாளைக்கு. இன்று ஒரு நாளைத் தாண்டிவிட்டால் போதும்.

* * *

விடிவதற்குக் கொஞ்சம் முன்பு. ரயிலடிக்குப் போகும் வழியில், பூட்டிய ஒரு கடையின் தாழ்வாரம்தான் ஏஜென்ட் பெரியசாமியின் ஆபீஸ். டீக்கடையிலிருந்து வரும் வெளிச்சத்தில் ஆறேழு பேர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து இணைப்புகளைச் செருகிக்கொண்டிருப்பார்கள். ஒருவன் பாலிடெக்னிக் படிக்கிறான். ஒருவன் இதை முடித்துவிட்டுக் கல்யாண மண்டபத்துக்கு இலை போடப் போவான். ஒருவன் போலீஸ் வேலைக்கு ஓடிப் பழகுகிறான், பேப்பர் போடுவதையே ஓட்டத்தில் சேர்த்துவிட்டான். ஊர் கண் விழிக்கும்போது பேப்பர் வாசலில் கிடக்கும். அது எப்படி அங்கே வந்தது என்று யாரும் யோசிப்பதில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற மாதிரிதான்.

எப்போதும் அங்கே ஒரே கேலியும் சத்தமுமாக இருக்கும். இன்றைக்கு ரோஜா சைக்கிளை நிறுத்தியதும் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"இன்னாடா?" என்றாள்.

பாலிடெக்னிக் பையன் ஒரு பேப்பரை எடுத்து, ஐந்தாம் பக்கத்தைப் பிரித்து, அவள் கையில் கொடுத்தான்.

கால் பக்கத்துக்கு இனியவன் சிரித்துக்கொண்டிருந்தான். சைக்கிளில் உட்கார்ந்தபடி, ஒரு கால் தரையில், ஹேண்டில்பாரில் பேப்பர் கட்டு. யாரோ வாசலில் நின்று போனில் எடுத்த படம். மேலே கறுப்புக் கட்டத்துக்குள் 'கண்ணீர் அஞ்சலி' என்று இருந்தது. கீழே, 'மழைக் காலத்திலும் எங்கள் வீட்டுப் பேப்பர் நனையாமல் பார்த்துக்கொண்ட பிள்ளைக்கு' என்று ஒரு வரி. அதற்கும் கீழே பொடி எழுத்தில் வரிசையாகப் பெயர்கள், தெருவோடு சேர்த்து. எல்லாம் அவன் பேப்பர் போட்ட லைனில் இருக்கிற வீடுகள்.

"தேவநாதன் சாருதான் ஆரம்பிச்சாரு" என்றார் பெரியசாமி. "நம்ம லைன் சனம் அத்தினி பேரும் சேந்துக்கினாங்க. உனுக்குச் சொல்லாம போடணும்னு என்னாண்ட சத்தியம் வாங்கிட்டாங்க. பேப்பர் போடற பையனுக்கு இந்த ஊர்ல யாரும்மா இப்பிடிச் செஞ்சிருக்காங்க?"

ரோஜாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். உள்ளதைச் சொல்ல வேண்டும் அல்லவா? தம்பி செத்த பிறகு அவளுக்கு வந்த முதல் சந்தோஷம் அது. கண் நிறைந்து எழுத்து மறைந்தது.

அதற்கு அடுத்தபடியாக விழுப்புரம் ஞாபகம் வந்தது.

"அண்ணே, இந்தப் பக்கம் திண்டிவனத்துக்கு மட்டுமா?"

"மாவட்டம் முழுக்க ஒரே பேப்பர்தானேம்மா. செஞ்சிக்கும் இதான், விழுப்புரத்துக்கும் இ..." பெரியசாமி பாதியில் நிறுத்தினார். அவர் கை தானாகத் தலைக்குப் போனது. "ஐயையோ. அவரு தெனம் படிப்பாரே."

படிப்பார். கட்டிலோடு கிடந்தாலும் அந்தோணிசாமிக்குப் பேப்பர் வந்தாக வேண்டும். கல்யாணமான வருஷத்திலிருந்து பேப்பர் போட்டவர். பேப்பர் பார்க்காமல் அவருக்குப் பொழுது விடியாது.

ரோஜா அம்மாவின் போனுக்கு அடித்தாள். அணைத்து வைத்திருந்தது. ராத்திரி வார்டில் போன் அடித்தால் நர்ஸ் திட்டுவார்கள் என்று அம்மா அணைத்துவிடுவாள். உடனே சேரனுக்கு அடித்தாள்.

சேரன் விழுப்புரத்தில் கல்லூரியில் படிக்கிறான். காலையில் ஆஸ்பத்திரி வார்டுகளில் பேப்பர் போடுவது அவன்தான். முதல் நாளே அந்தோணிசாமி அவனைக் கூப்பிட்டு எந்த ஏஜென்ட், எத்தனை வீடு என்றெல்லாம் விசாரித்துச் சொந்தக்காரனாக்கிவிட்டார்.

"அக்கா, நானே உனுக்கு அடிக்கலாம்னு இருந்தேன். இப்பதான் கட்டப் பிரிச்சேன்" என்றான் சேரன்.

"அப்பாவுக்குக் குடுத்துட்டியா?"

"இன்னும் உள்ளயே போவலக்கா. இன்னிக்குப் பேப்பர் வரலன்னு சொல்லிடட்டுமா?"

"வேணாம். பக்கத்து பெட்டுல வாங்கிப் படிப்பாரு." ரோஜாவுக்கு மூளை வேகவேகமாக ஓடியது. "சேரா, அந்தத் தாளை மட்டும் உருவிட்டுக் குடு."

"அந்த வார்டுல நம்ம பேப்பர் மூணு போவுது. மூணுலயும் உருவிடறேன். நீ கவலப்படாதக்கா."

உருவுவது என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். சில வீடுகளில் மூத்த மகன் வெளியூரில் இறந்திருப்பான், படுக்கையில் கிடக்கும் தாயாருக்குத் தெரியக் கூடாது. சில வீடுகளில் மகள் பிரசவத்துக்கு வந்திருப்பாள், அவள் சிநேகிதியின் படம் அஞ்சலியில் வந்திருக்கும். அந்த வீட்டுக்காரர்கள் முதல் நாள் அந்தோணிசாமியிடம் காதோடு காதாகச் சொல்லி வைப்பார்கள். அவர் அந்த ஒரு தாளை மட்டும், மடிப்புக் கலையாமல் உருவிவிட்டுப் பேப்பரைப் போடுவார். ஏன் எதற்கு என்று வெளியே மூச்சு விடமாட்டார்.

அதை அப்பாவுக்கே செய்யச் சொல்கிறோம் என்பது அந்த நிமிஷத்தில் ரோஜாவுக்கு உறைக்கவில்லை. பெரிய பாரம் இறங்கிய மாதிரி பேப்பர் கட்டைச் சைக்கிளில் ஏற்றினாள். அவளைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்? அவசரத்தில் நாம் எல்லோரும் வீட்டில் பழகிய வழியைத்தான் பிடிக்கிறோம்.

* * *

பேப்பரை எறிவதில் இனியவனுக்கு ஒரு கை இருந்தது. சைக்கிள் நிற்காது. சுருட்டிய பேப்பர் கேட்டுக்கு மேலே போய், கோலத்தில் படாமல் படிக்கட்டில் உட்காரும். ரோஜாவுக்கு இன்னும் அது வரவில்லை. வெண்டைச் செடியில் எறிந்து வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் அந்தோணிசாமி வீட்டில் ஒரு சட்டம் உண்டு. அஞ்சலிப் படம் வந்திருக்கிற வீட்டுக்குப் பேப்பரை எறியக் கூடாது. சைக்கிளை விட்டு இறங்கி, கதவைத் தட்டி, கையில் கொடுக்க வேண்டும். செத்துப்போனவரின் முகம் அவர் வீட்டு வாசலிலேயே குப்புற விழக்கூடாது.

இன்றைக்கு எந்த வீட்டுக்கும் ரோஜாவால் எறிய முடியவில்லை. எல்லாப் பேப்பரிலும் இனியவன் இருந்தான். கிடங்கல் பக்கம் முதல் வீட்டில் கையை ஓங்கினாள், கை இறங்கிவிட்டது. சைக்கிளைச் சாய்த்துவிட்டு இறங்கிப் போய்க் கதவைத் தட்டினாள். அடுத்த வீட்டிலும் தட்டினாள். அப்படியே தெருத் தெருவாக.

தூக்கக் கலக்கத்தோடு திறந்தவர்கள் அவளைப் பார்த்ததும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். ஒரு அம்மாள் நைட்டிமேல் துண்டைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்து, ரோஜாவின் கன்னத்தைத் தொட்டுவிட்டு உள்ளே போனாள்.

தேவநாதன் சார் கேட்டருகே காத்துக்கொண்டிருந்தார். தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். பேப்பர் ஐந்து நிமிஷம் தாமதமானாலும் தெருமுனை வரை வந்து நின்று சத்தம் போடுகிற மனிதர்.

"பாத்தியாம்மா?"

"பாத்தேன் சார்."

"நான் அவனை எவ்ளோ திட்டியிருக்கேன் தெரியுமா? புயல் அடிச்ச அன்னிக்கு முட்டியளவு தண்ணி. இன்னிக்கு வரமாட்டான்னு நெனச்சிக்கினு இருந்தேன். சட்டைக்குள்ள பேப்பரை வச்சிக்கினு வந்து நின்னான். நனைஞ்சிருந்தான். பேப்பர் நனையல. அப்பகூட, ஏன்டா லேட்டுன்னுதான் கேட்டேன்." அவருக்கு உதடு கோணியது. "ஒரு நாளாவது, டீ குடிச்சிட்டுப் போடான்னு சொல்லியிருக்கலாம். அதான், எங்களால ஆனது இது. அப்பா பாத்தாரா? சந்தோஷப்படுவாரு."

இந்த மனிதரிடம் என்னத்தைச் சொல்வது? அப்பாவுக்கு விஷயமே தெரியாது என்பது தேவநாதன் சாருக்குத் தெரியாது. ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது.

"பாப்பாரு சார்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தள்ளினாள்.

வீட்டுக்கு வீடு இறங்கி ஏறியதில் வெயில் வந்துவிட்டது. கடைசி வீட்டில் கொடுத்த பிறகும் பேப்பர் கட்டில் ஒன்று மிஞ்சியது.

அது தினமும் மிஞ்சுகிறது. முதல் நாள் எந்த வீட்டையோ விட்டுவிட்டோம் என்று மறுபடியும் லைன் முழுக்கச் சுற்றினாள். யாரும் பேப்பர் வரவில்லை என்று சொல்லவில்லை. பெரியசாமியைக் கேட்டால், "தம்பி ஆறேழு மாசமா ஒண்ணு சேத்துதான் எடுத்துக்கினு போவான், அவன் கணக்குல. எந்த வீட்டுக்குன்னு நான் கேக்கல" என்கிறார். இனியவன் யாருக்கோ தினமும் ஒரு பேப்பர் போட்டிருக்கிறான். அது யாருக்கு என்பதையும் தன்னோடே கொண்டுபோய்விட்டான்.

மிஞ்சிய பேப்பரைப் பைக்குள் வைத்துக்கொண்டு ரோஜா பஸ் ஏறினாள்.

* * *

ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கூட்டேரிப்பட்டு தாண்டியதும் பேப்பரை எடுத்தாள். தம்பியை இன்னொரு முறை பார்க்க வேண்டும் போல இருந்தது. பார்த்தாள். பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். வீட்டின் கதவு, கேட்டின் நிறம், நாயின் குரைப்பு எல்லாம் பெயரோடு சேர்ந்து வந்தன. கடைசியில் ஒரு பெயர் மட்டும் எந்தக் கதவையும் கொண்டுவரவில்லை. அதற்குத் தெருவும் போட்டிருக்கவில்லை. யாரோ தூரத்து ஆளாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றது. முன்னால் லாரிகளின் நீண்ட வரிசை. பக்கத்து சீட்டுக்காரர் பேப்பரைக் கேட்டார். படம் இருக்கிற தாளை உருவி வைத்துக்கொண்டு மீதியைக் கொடுத்தாள்.

அவர் வாங்கியதும் கையில் ஒரு தரம் தூக்கிப் பார்த்தார். "இன்னாம்மா, தாள் கொறையுதா?"

ரோஜா சட்டென்று பேப்பரைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

யாரோ வழிப்போக்கர், தினமும் பேப்பர் வாங்குகிறவர்கூட இல்லை. அவருக்கே கையில் தெரிகிறது. அப்பாவுக்குத் தெரியாதா? கட்டைப் பிரிக்காமலே எந்தப் பேப்பரில் இணைப்பு விட்டுப்போயிருக்கிறது என்று தடவிச் சொல்கிறவர் அவர். அதுகூடப் போகட்டும். பேப்பரிலிருந்து ஒரு தாளை எதற்காக உருவுவார்கள் என்பது இந்த மாவட்டத்திலேயே அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

சேரனுக்கு அடித்தாள்.

"குடுத்துட்டேன்க்கா. அப்பவே குடுத்துட்டேனே. மூணுலயும் உருவிட்டுதான்."

"போயி வாங்கிடு சேரா. ஏதாவது சொல்லி வாங்கிடு."

"ஏன்க்கா, இன்னா ஆச்சு?"

"ஜல்தி போடா!" என்று கத்தினாள். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டிரைவரிடம் போய், "கொஞ்சம் சீக்கிரம் போங்கண்ணே" என்றாள். "முன்னாடி நிக்கிற லாரியத் தள்ளிக்கினா போவ முடியும்?" என்றார் அவர். நியாயம்தான். ஆனால் ரோஜாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

* * *

வார்டு நடைபாதையில் தண்ணீர்க் குழாயருகே பிளாஸ்க்கைக் கழுவிக்கொண்டிருந்தாள் சவுரியம்மாள். மூன்று வாரத்தில் பாதியாகிவிட்டாள். ஆனால் தலையைப் படிய வாரி, பொட்டுப்போல ஒரு சிரிப்பையும் வைத்திருந்தாள். அந்தோணிசாமிக்கு முன்னால் அழக் கூடாது, அழுத முகத்தோடும் நிற்கக் கூடாது. பெற்ற பிள்ளை செத்த வீட்டில் தாய்க்கு அழுகைகூட இல்லாமல் போன கொடுமையை எங்கே போய்ச் சொல்ல?

"என்னாடி இந்நேரத்துல? மூஞ்சி ஏன் இப்பிடி இருக்குது?"

"அப்பா இன்னா பண்றாரு?"

"பேப்பர் படிச்சிக்கினு இருக்காரு. காலையிலேருந்து ஒரு வார்த்தை பேசல. காப்பியும் குடிக்கல. நாளைக்கு ஆபரேஷன்னு பயம்போல." சவுரியம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "கொஞ்சம் தெம்பா இருக்கட்டும்னு, தம்பி இன்னிக்கு எழுந்து நடந்தான்னு சொல்லலாம்னு இருக்கேன்."

ரோஜா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

அந்தோணிசாமி கட்டிலில் சாய்ந்திருந்தார். மடியில் ஒன்றல்ல, மூன்று பேப்பர்கள். மூன்றும் ஒரே இடத்தில் திறந்திருந்தன. கட்டிலின் கால்மாட்டில் சேரன் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருந்தான். அவன் வருவதற்கு முன்பே எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

"வா" என்றார் அந்தோணிசாமி. குரல் சாதாரணமாக இருந்தது. "இன்னிக்கு லைன் முடிக்க நேரமாயிடுச்சா?"

"ஆமாம்பா."

"என் பேப்பர்ல நாலாம் பக்கத்துக்கு அப்பால ஏழாம் பக்கம். சரி, அச்சாபீஸ்ல விட்டுப்போயிருக்கும்னு பக்கத்து பெட்டுல வாங்கினேன். அதுலயும் அப்பிடியே. மூலையில படுத்திருக்கிறவர்கிட்டயும் வாங்கினேன்." மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். "கை ஒடிஞ்சவருக்கும் கால் ஒடிஞ்சவருக்கும் சேத்து யாரு ரோஜா மறைப்பாங்க? இந்த வார்டுல பக்கத்து பெட்டுலகூட வாங்கிப் பாக்கிற ஆளு நான் ஒருத்தன்தானே."

"அது வந்துப்பா..."

"எத்தினி வீட்டுக்கு உருவியிருக்கேன். எல்லா வீட்டுலயும் உள்ள ஒருத்தர் ஒண்ணும் தெரியாம காப்பி குடிச்சிக்கினு இருப்பாங்க. பாவம்னு நெனச்சிக்கினே போவேன்." கையை நீட்டினார். "தாளைக் குடும்மா."

சவுரியம்மாளுக்கு அப்போதுதான் என்னவோ புரிந்தது. ஓடி வந்து கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "என்னாங்க, இன்னா பேசறீங்க? பையன் நல்லா இருக்கான். இன்னிக்கு எழுந்து நடந்..."

"சவுரி" என்றார். "போதும்."



ரோஜா பையிலிருந்து பேப்பரை எடுத்தாள். உருவிய தாளை அதன் இடத்தில் வைத்து மடித்தாள். அப்பா வீட்டுச் சட்டம் அவளுக்குத் தெரியும். இரண்டு கையாலும் கொடுத்தாள்.

அந்தோணிசாமி பிரித்தார். மகனைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கறுப்புக் கட்டத்தின்மேல் உள்ளங்கையால் ஒருமுறை தடவினார், மடிப்பைச் சரிசெய்கிறவர் மாதிரி.

"எப்போ?"

"அன்னிக்கேப்பா. அந்த எடத்துலயே."

"அன்னிக்கேவா" என்றார். பிறகு மெல்லத் தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்தார். "அப்ப, கஞ்சி குடிச்சான்னு சொன்னியே?"

சவுரியம்மாள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"எழுந்து உக்காந்தான்னு சொன்னியே. நேத்து நீ சொல்லும்போது சிரிச்சியே சவுரி."

"சொல்லச் சொல்ல எனுக்கே நெசமா இருந்துச்சு" என்றாள் அவள். "செத்துட்டான்னு நாலு பேரு சொல்றது பொய்யி, நான் ஒருத்தி சொல்றது நெசம்போல இருந்துச்சு. அதான் தெனம் சொன்னேன்."

"நீ அழுதியா?"

"எப்பிடி அழுவேன்? எந்நேரமும் என் மூஞ்சியவே பாத்துக்கினு படுத்திருக்கீங்களே."

அந்தோணிசாமி அவளுடைய கையைப் பிடித்து இழுத்துத் தன் மார்பின்மேல் வைத்துக்கொண்டார். டாக்டர் பயமுறுத்திய அதே மார்பு.

"இப்ப அழு" என்றார்.

அப்போது வந்த அழுகையை அந்த வார்டு மறக்காது. மூன்று வாரத்து அழுகை. பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். கூட்டிப் பெருக்குகிற பெண் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுத் தானும் அழுதாள், யாருக்காக என்று தெரியாமலே. நர்ஸ் ஓடி வந்து, "யாரு சொன்னது? யாரு சொன்னீங்க?" என்று கோபித்துக்கொண்டு, பிரஷர் பார்க்கும் பட்டையை அவர் கையில் சுற்றினாள். பார்த்தவள் முகம் சரியாக இல்லை. டாக்டரைக் கூப்பிட்டு வருகிறேன் என்று போனாள். நாளைக்கு ஆபரேஷன் நடக்குமா என்பது இனி அவர் வந்துதான் சொல்ல வேண்டும்.

சேரன் அப்போதும் கால்மாட்டிலேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். "என்னாலதான் ஐயா. அக்கா சொன்னாங்கன்னு மூணுலயும் உருவிட்டேன். ஒண்ணுல மட்டும் உருவியிருந்தா..."

அந்தோணிசாமி அவனைப் பார்த்தார். அவர் கண்ணிலிருந்து முதல் சொட்டு அப்போதுதான் விழுந்தது.

"நீ சரியாத்தான் செஞ்ச. மடிப்புக் கலையாம உருவியிருக்க. என் புள்ளைக்கே அவ்ளோ சுத்தமா வராது." மூச்சு வாங்கியது. "அந்தத் தாளை வச்சிருக்கியா? எறிஞ்சிட்டியா?"

சேரன் சட்டைக்குள்ளிருந்து எடுத்தான். மூன்று தாள்களையும் நெஞ்சோடு வைத்திருந்தான்.

"ஒண்ணு எனுக்குக் குடு" என்று வாங்கிக்கொண்டார்.

பிறகு படத்தின் கீழே இருந்த பொடி எழுத்துகளைப் படிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வார்த்தை சொன்னார். இவர் மகள் கல்யாணத்துக்கு நம்மைக் கூப்பிட்டார். இவர் வீட்டில் நாய் கட்டாமல் இருக்கும். தேவநாதன் சார், சத்தம் போடுவார், மனசு நல்ல மனசு. சவுரியம்மாள் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு விக்கிக்கொண்டே கேட்டாள். தன் பிள்ளைக்காக இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது அவளுக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

கடைசிப் பெயரில் விரல் நின்றது.

"வெண்ணிலா" என்று படித்தார். "யாரு இது? நம்ம லைன்ல இந்தப் பேரே கெடையாதே. தெரு இல்ல, வீடு இல்ல. அப்பன் பேருகூட இல்ல."

அந்தோணிசாமி படத்தையும் பெயரையும் மாறி மாறிப் பார்த்தார். தன் வீட்டையும் தெருவையும் மறைத்துக்கொண்டு, பெயரை மட்டும் பேப்பரில் போட ஒரு பெண்ணுக்கு எவ்வளவு தைரியம் வேண்டும், எவ்வளவு பயமும் இருந்திருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ஒரு பெண்ணின் காதலை இந்தப் பக்கத்து ஊர்கள் என்ன செய்யும் என்று தெரிந்தவர் அவர்.

"ரோஜா, தெனம் ஒரு பேப்பர் மிஞ்சுதுன்னு அம்மாகிட்ட சொன்னியாமே?"

"ஆமாம்பா."

"இன்னிக்கு மிஞ்சினது எது?"

"உன் கையில இருக்கிறதுதான்பா."

சேரன் கொடுத்த தாளைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, ரோஜாவின் பேப்பரைப் படம் உள்ளே போகும்படி பதமாக மடித்தார். முப்பது வருஷம் மடித்த கை அது.

"அப்ப இது நம்ம பேப்பர் இல்லம்மா. அந்தப் பொண்ணுது" என்று அவளிடம் நீட்டினார். "வீடு எங்கன்னு கண்டுபிடி. அங்கயும் சாவு விழுந்திருக்குது, சொல்லி அழக்கூட ஆளிருக்காது. எறியாத. எறங்கிப் போயி, கையில குடு."

ரோஜா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். எந்த ஊர், எந்தக் கதவு என்று அவளுக்குத் தெரியாது. அந்தக் கதவைத் தட்டினால் யார் வந்து திறப்பார்கள் என்பதும் தெரியாது.